இரத்தத்தில் உப்பு: பார்த்துவிட்டுக் குடிப்போம்



மாசிக் கடைசியில் தொடங்கி சித்திரை முடியும்வரை நமது கரையோரத்தில் எரிக்கிற வெயிலைப் பற்றி யாரும் எழுதித் தெரியவேண்டியதில்லை. மாதம்பையிலிருந்து முந்தல்வரை தென்னந்தோட்டங்களில் காய் பறிப்பவர்கள், மட்டை உரிப்பவர்கள், தும்பு மில்லில் நிற்கிற பெண்கள், புத்தளம் பக்கம் உப்பளத்தில் உப்பு வாருகிறவர்கள் எல்லோரும் அதை உடம்பால் அறிந்தவர்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு முன்பே சட்டை நனைந்து, காய்ந்து, முதுகில் வெள்ளைக் கோடாக உப்புப் படிந்துவிடுகிறது. பின்னேரம் கெண்டைக்கால் பிடிக்கும், தலை சுற்றும். "உடம்பில உப்புக் குறைஞ்சிட்டுது" என்பார் ஒருவர். "சூடு கூடிட்டுது, தெம்பிலி குடிங்க" என்பார் இன்னொருவர். "பார்மசியில நல்ல சத்து மாத்திரை இருக்கு" என்பார் மூன்றாமவர். மூவரும் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் மூவரில் ஒருவரும் இரத்தத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை.

எந்த உப்பை எப்போது பரிசோதித்துவிட்டுச் சேர்க்க வேண்டும், எப்போது பரிசோதனைக்குக் காத்திருக்கக் கூடாது என்பதே இம்முறை நாங்கள் எடுத்துக்கொண்ட பாடம்.

உப்பு என்றவுடன் நாம் சட்டியில் போடுகிற உப்பையே நினைக்கிறோம். உடம்பில் ஓடுகிற உப்புகள் பல. சோடியம், பொட்டாசியம், கல்சியம், மக்னீசியம் முதலியவை இரத்தத்திலும் தசையிலும் கரைந்து நின்று, நரம்பிலும் இதயத்திலும் மின்சாரம் போல வேலை செய்கின்றன. பெற்றரித் தண்ணீர் சரியில்லாவிட்டால் லொறி ஸ்டார்ட் ஆகாது அல்லவா, அது மாதிரித்தான். இரும்பு, அயடீன், சிங்க் போன்றவை இன்னும் சிறிய அளவில் தேவைப்படுகிற கனிமங்கள்.

இந்த உப்புகளுக்குக் கணக்கு வைத்திருப்பது சிறுநீரகம், அதாவது கிட்னி. தோட்டத்து ஸ்டோரில் கணக்கப்பிள்ளை நிற்பது போல, உள்ளே வருவதையும் வெளியே போவதையும் அது பார்த்துக்கொள்கிறது. கூடினால் சிறுநீரில் தள்ளிவிடும், குறைந்தால் பிடித்து வைக்கும். ஒரு லீற்றர் இரத்த நீரில் சோடியம் 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை. எவ்வளவு சிறிய இடைவெளி என்று பாருங்கள். கணக்கப்பிள்ளை ஒழுங்காக இருக்கும்வரை நாம் கொஞ்சம் கூடக் குறையச் சாப்பிட்டாலும் அவர் சரிக்கட்டிவிடுவார். அவரே படுத்துவிட்டால்தான் வில்லங்கம்.

தெம்பிலியும் பொட்டாசியமும்

நமது பகுதியில் இதைப் பற்றித்தான் அதிகம் பேசவேண்டியிருக்கிறது. தெம்பிலி என்று நாம் சொல்கிற செவ்விளநீர் நல்ல பானம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதில் பொட்டாசியம் மிக அதிகம், சோடியம் மிகக் குறைவு. நடுத்தரமான ஒரு தெம்பிலியில் ஏறக்குறைய இரண்டு பெரிய வாழைப்பழங்களில் இருக்கிற அளவு பொட்டாசியம் உண்டு. வியர்வையிலோ இது தலைகீழ். வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம்; பொட்டாசியம் கொஞ்சம்தான். ஆகவே, வெயிலில் இழந்ததைத் தெம்பிலி அப்படியே திருப்பித் தருகிறது என்று நினைப்பது சரியல்ல. அது தண்ணீரைத் தருகிறது, சீனி கொஞ்சம் தருகிறது, பொட்டாசியத்தை நிறையத் தருகிறது. சோடியத்தை நாம் சோற்றோடும் கறியோடும் எடுக்கிறோம்.

உடம்பிலுள்ள பொட்டாசியத்தில் நூற்றுக்கு 98 பங்கு உயிரணுக்களுக்கு உள்ளே இருக்கிறது. இரத்தத்தில் ஓடுவது மிகச் சொற்பம். அந்தச் சொற்பம் இரண்டு மடங்காவதற்கு முன்பே இதயத்தின் துடிப்புக் குழம்பிவிடும். 6.5க்கு மேல் போனால் எந்த நேரமும் இதயம் நின்றுவிடலாம். வலி இருக்காது. சிலருக்கு முன்னறிவிப்பே இருக்காது.

இன்னொரு விஷயத்தை நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். பொட்டாசியம் கூடினாலும் கை கால் சோர்ந்துபோகும். குறைந்தாலும் கை கால் சோர்ந்துபோகும். கூடினாலும் நெஞ்சு படபடக்கும், குறைந்தாலும் படபடக்கும். அறிகுறி ஒன்று, வைத்தியம் நேர் எதிர். உடம்பைப் பார்த்து, நாடியைப் பார்த்து, நாக்கைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

ஒரே லயத்தில் இரண்டு வீடு என்று வைத்துக்கொள்வோம். முதல் வீட்டு ஐயாவுக்கு 58 வயது. பத்து வருடமாகச் சீனி வருத்தமும் பிரஷரும். கிளினிக்கில் லோசார்டன் மாத்திரை கொடுக்கிறார்கள். கால் எழும்பவில்லை, சோர்வு என்கிறார். பக்கத்து வீட்டு அக்காவுக்கு இதய வருத்தம். கால் வீக்கத்துக்கு ஃபுரோசமைட் என்கிற தண்ணி மாத்திரை குடிக்கிறார். அவருக்கும் கால் எழும்பவில்லை, சோர்வு. அக்காவின் இரத்தத்தில் பொட்டாசியம் 2.9 என்று வந்து, டொக்டர் பொட்டாசியம் மருந்தும் எழுதி, "தெம்பிலி, வாழைப்பழம் சாப்பிடுங்க" என்றும் சொல்லி அனுப்புகிறார். இரண்டே நாளில் அக்காவுக்குச் சுகம். இதைக் கண்ட ஐயா, "எனக்கும் அதே சோர்வுதானே" என்று காலையும் மாலையும் இரண்டிரண்டு தெம்பிலி குடிக்கத் தொடங்குகிறார். சீனி வருத்தத்தால் அவருடைய கிட்னி பாதிக்கு மேல் பழுதாகியிருக்கிறது. அது அவருக்கே தெரியாது. லோசார்டன் மாத்திரைக்கும் பொட்டாசியத்தை உடம்பில் நிறுத்தி வைக்கிற குணம் உண்டு. அக்காவைக் காப்பாற்றிய அதே தெம்பிலி ஐயாவின் உயிருக்கு உலை வைக்கும்.

இதனால் யாரும் லோசார்டனை நிறுத்திவிட வேண்டாம். அது பிரஷருக்கும், சீனி வருத்தக்காரரின் கிட்னிக்கும் நன்மை செய்கிற மருந்து. எனாலப்ரிலும் அப்படித்தான். ஸ்பைரோனோலாக்டோன் என்ற மாத்திரையும் பொட்டாசியத்தைக் கூட்டும். இவற்றைத் தொடங்குமுன் ஒரு தடவை, தொடங்கி ஓரிரு கிழமையில் ஒரு தடவை, அளவைக் கூட்டினால் மறுபடி ஒரு தடவை என்று இரத்தம் பார்க்க வேண்டும். டொக்டர் துண்டில் 'எஸ்.ஈ.' என்று எழுதினால் அது சோடியமும் பொட்டாசியமும் பார்க்கிற பரிசோதனை. 'கிரியட்டினின்' என்று எழுதினால் கிட்னியின் வேலையைப் பார்க்கிற பரிசோதனை. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அர்த்தம் விளங்கும். கிரியட்டினின் நல்லபடி இருந்தாலும், பொட்டாசியத்தைக் கூட்டுகிற இந்த மாத்திரைகளைக் குடிக்கிறவர் தெம்பிலியைத் தாராளமாகக் குடிக்காமல் டொக்டரிடம் கேட்டுவிட்டே குடிக்க வேண்டும்.

கடையில் இப்போது 'சோடியம் குறைந்த உப்பு' என்று பக்கற் விற்கிறார்கள். அதில் சோடியத்துக்குப் பதிலாகப் போடுவது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைட். உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் இந்த வகை உப்பைப் பயன்படுத்தலாம் என்று ஆலோசனை சொன்னபோதே, கிட்னி வருத்தக்காரர்களையும், கர்ப்பிணிகளையும், சிறு பிள்ளைகளையும் அதிலிருந்து விலக்கியே சொன்னது. பக்கற்றில் இதய அடையாளம் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு வாங்க வேண்டாம்.

ரிப்போட் எப்போது பொய் சொல்லும்

பரிசோதனை என்றால் தெய்வ வாக்கு அல்ல. பொட்டாசியத்தில் இது அடிக்கடி நடக்கிறது. கையில் பட்டியை இறுக்கிக் கட்டி, "கையைப் பொத்திப் பொத்தித் திறங்க" என்று பல தடவை செய்ய வைத்து இரத்தம் எடுத்தால், தசைக்குள் இருக்கிற பொட்டாசியம் வெளியே வந்து அளவைக் கூட்டிக் காட்டும். ஊசிக்குள் இரத்த அணுக்கள் உடைந்தாலும் அப்படியே. எடுத்த இரத்தத்தைப் பிரிக்காமல் பல மணி நேரம் வைத்தாலும் கூடும்; குளிர்பெட்டியில் வைத்தாலும் கூடும். கற்பிட்டியிலோ வண்ணாத்திவில்லிலோ இரத்தத்தை எடுத்து, பஸ்ஸில் தூர இடத்து லேப்புக்கு அனுப்புகிற நிலையத்தில் பார்ப்பதானால், "எத்தனை மணிக்கு லேப்புக்குப் போகும்?" என்று கேட்பதில் தப்பில்லை. அதைவிட ஆஸ்பத்திரியிலேயே எடுத்து அங்கேயே பார்ப்பது நல்லது. அரச ஆஸ்பத்திரியில் காசும் இல்லை.

எதிர்பாராமல் பொட்டாசியம் கூடியோ குறைந்தோ வந்தால் டொக்டர் திரும்பவும் இரத்தம் எடுக்கச் சொல்வார், ஈ.சி.ஜி.யும் எடுப்பார். "ஒரு தரம் எடுத்தாச்சே, திரும்பத் திரும்ப இரத்தத்தை உறிஞ்சிறாங்க" என்று கோபப்படாதீர்கள். அந்த இரண்டாவது பரிசோதனை தேவையில்லாத மருந்திலிருந்து உங்களைக் காக்கிறது.

சோடியத்தில் வேறு ஒரு கூத்து. வயதான அம்மா ஒருவர் பிரஷருக்கு ஹைட்ரோகுளோரோதயசைட் குடித்து வருவார். சோறு சரியாக இறங்காது, தண்ணீர் மட்டும் குடிப்பார். திடீரென்று ஆளை ஆள் தெரியாமல் பேசுவார். வீட்டிலுள்ளவர்கள் வயதுக் கோளாறு என்பார்கள், சிலர் நூல் கட்டவும் போவார்கள். இரத்தம் பார்த்தால் சோடியம் 118 என்று இருக்கும். இதற்கு வீட்டில் உப்புக் கரைத்து ஊற்றுவது வைத்தியமல்ல. குறைந்து கிடந்த சோடியத்தை அவசரமாக ஏற்றினால் மூளைக்கே சேதம். ஆஸ்பத்திரியில் வைத்து, சில மணிக்கொரு தடவை பார்த்துப் பார்த்து, மெதுவாக ஏற்ற வேண்டும்.

காத்திருக்கக் கூடாத நேரம்

இவ்வளவும் வாசித்துவிட்டு, பிள்ளைக்கு வயிற்றோட்டம் கண்டாலும் இரத்தம் பார்த்துவிட்டுத்தான் ஜீவனி கொடுப்போம் என்று யாரும் இருந்துவிடாதீர்கள். அங்கே காத்திருப்பதுதான் ஆபத்து. ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே சிறு பிள்ளை வற்றிப்போகும்.

ஜீவனிக்கு ஏன் பரிசோதனை வேண்டாம் என்றால், அந்தப் பரிசோதனையை நமக்காக ஏற்கெனவே செய்துவிட்டார்கள். 1960களில் டாக்காவிலும் கல்கத்தாவிலும் கொலரா நோயாளிகளின் கழிவில் என்னென்ன உப்பு எவ்வளவு போகிறது என்று ஆய்வுகூடத்தில் அளந்து, அதற்கேற்ற அளவில் உப்பும் குளுக்கோசும் கலந்தால் குடல் அதை உறிஞ்சிக்கொள்ளும் என்று கண்டார்கள். 1971இல் பங்களாதேஷ் யுத்தத்தின்போது எல்லையிலுள்ள பன்கான் அகதி முகாமில் கொலரா பரவியது. சேலைன் தீர்ந்துபோனது. டொக்டர் திலீப் மகாலனாபிஸ் இந்தக் கரைசலைப் பெரிய பீப்பாய்களில் கலந்து வைத்து, தாய்மாரையே அள்ளிக் கொடுக்கச் சொன்னார். அதற்கு முன் நூற்றுக்கு இருபது முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் அது நாலுக்கும் கீழே இறங்கியது. அங்கே லேப் இல்லை, ரிப்போட் இல்லை. ஆனால் அளவு லேப்பிலிருந்து வந்தது.

பிற்பாடு அந்த அளவையும் திருத்தினார்கள். பழைய கரைசலில் லீற்றருக்குச் சோடியம் 90 மில்லிமோல். அது கொஞ்சம் கூட என்று பல நாட்டுச் சோதனைகளில் தெரிந்ததால், 2002 முதல் 75 ஆகக் குறைத்தார்கள். இன்றைய அளவின்படி ஒரு லீற்றருக்குச் சாதாரண உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைட் 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம். இதனால்தான் பக்கற்றில் எழுதியிருக்கிற அளவுத் தண்ணீரிலேயே முழுப் பக்கற்றையும் கரைக்கச் சொல்கிறோம். அரைப் பக்கற்றை ஒரு கிளாஸில் கண்மட்டத்துக்குக் கரைத்தால் உப்புக் கூடிவிடும். "கொஞ்சம் இனிப்பாக இருக்கட்டும்" என்று சீனி போட்டால் வயிற்றோட்டம் கூடும். கரைத்ததை 24 மணி நேரத்துக்குமேல் வைக்க வேண்டாம்.

கற்பிட்டி முனைப் பகுதியில் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. மணல் நிலத்தில் வெங்காயம், மிளகாய், மரக்கறிக்குப் போடுகிற உரம் கிணற்றுத் தண்ணீரில் இறங்கி, நைத்திரேற்று கூடிய கிணறுகள் அங்கே பல இருக்கின்றன. சில கிணறுகள் உவரும்கூட. காய்ச்சினால் கிருமி சாகும். உவரும் நைத்திரேற்றும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். கைக்குழந்தைக்கு ஜீவனியோ பால்மாவோ கரைக்க அப்படிப்பட்ட கிணற்றுத் தண்ணீரை எடுக்க வேண்டாம். கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்க என்ன செய்வது என்று பொது சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். பிள்ளைக்கு வயிற்றோட்டத்தின்போது ஜீவனியோடு சிங்க் மருந்தும் 10 முதல் 14 நாள் கொடுப்பார்கள். வயிற்றோட்டம் நின்றவுடன் அதை நிறுத்திவிடாமல் முடிக்க வேண்டும்.

வெயிலில் வேலை செய்கிற, வேறு வருத்தமில்லாத ஆளுக்கும் பரிசோதனை தேவையில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி தண்ணீர், நேரத்துக்குச் சாப்பாடு, காலையில் உப்புப் போட்ட கஞ்சி இருந்தால் போதும். நமது கரையில் கருவாடு இல்லாத சாப்பாடு ஏது? சோடியத்துக்கு நமக்குப் பஞ்சமே இல்லை. உப்பு மாத்திரை விழுங்கத் தேவையில்லை.

நாடு முழுவதற்கும் ஒரு பரிசோதனை

புத்தளம் உப்பில் அயடீன் சேர்க்கிறார்களே, அதன் அளவு எப்படி வந்தது? 1986இல் 17 மாவட்டங்களில் பாடசாலைப் பிள்ளைகளின் கழுத்தைப் பார்த்தபோது, நூற்றுக்கு ஏறக்குறைய 19 பேருக்குக் கழுத்துக் கழலை இருந்தது. 1995இல் சாப்பாட்டு உப்பு எல்லாவற்றிலும் அயடீன் சேர்க்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அதோடு விட்டுவிடவில்லை. கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் பிள்ளைகளின் சிறுநீரில் எவ்வளவு அயடீன் வருகிறது என்று தொடர்ந்து பார்த்து வந்தது. லீற்றருக்கு நடு அளவு 100 முதல் 199 மைக்ரோகிராம் என்றால் சரி. 300க்கு மேல் என்றால் அதுவும் தைரொயிட்டுக்குக் கேடு. 2005இல் உப்பில் சேர்க்கும் அயடீன் கிலோவுக்கு 15 முதல் 30 மில்லிகிராம் என்று சட்டத்தில் குறைக்கப்பட்டது. 2010 கணக்கெடுப்பில் கழலை நூற்றுக்கு நாலு சொச்சத்துக்கு வந்திருந்தது; சிறுநீர் அளவு 160ஐ ஒட்டி, சரியான இடத்தில் இருந்தது.

உப்பளத்திலிருந்து அப்படியே அள்ளிவந்து வீட்டில் வைக்கிற உப்பில் இந்த அயடீன் இல்லை. கருவாடு போட அது ஆகும், பிள்ளைகளின் கறிக்கு ஆகாது. அயடீன் உப்பை அடுப்புக்குப் பக்கத்தில் திறந்து வைத்தாலும் அயடீன் போய்விடும். மூடி வையுங்கள், கறி இறக்கும் நேரத்தில் போடுங்கள்.

இரும்பு மாத்திரை

'இரத்தம் குறைவு' என்றவுடன் இரும்பு டொனிக் வாங்குவது நமது பெண்களிடம் உள்ள பழக்கம். ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12க்கும், கர்ப்பிணிகளுக்கு 11க்கும் குறைந்தால் இரத்தச்சோகை. அதற்குப் பெரும்பாலும் இரும்புக் குறைவுதான் காரணம் என்பது உண்மை. ஆனால் நமது வடமேல் மாகாணத்தில் இன்னொரு காரணத்தையும் நினைக்க வேண்டும். அது தலசீமியா. இலங்கையில் நூற்றுக்கு இரண்டு பேருக்குச் சற்று மேல் பீட்டா தலசீமியாவைச் சுமப்பவர்கள் என்று 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு சொன்னது. தேசிய தலசீமியா நிலையம் குருநாகலில் இருப்பதும் காரணமில்லாமல் அல்ல.

சுமப்பவருக்கு நோய் இல்லை. ஆனால் இரத்த அணுக்கள் சிறியதாக, ஹீமோகுளோபின் சற்றுக் குறைவாக இருக்கும். எஃப்.பி.சி. ரிப்போட்டைப் பார்த்தால் இரும்புக் குறைவு மாதிரியே தோன்றும். வருடக்கணக்கில் இரும்பு குடித்தாலும் அது ஏறாது. தேவையில்லாத இரும்பு உடம்பில் தங்கும். ஃபெரிட்டின் பார்த்தால் உடம்பில் இரும்பு இருப்பு எவ்வளவு என்று தெரியும். காய்ச்சல், கிருமித் தொற்று இருக்கிற நேரத்தில் ஃபெரிட்டின் பொய்யாகக் கூடும் என்பதால் சுகமான பின் பார்ப்பது நல்லது. தலசீமியா சுமப்பவருக்கும் இரும்புக் குறைவு வரலாம். அப்போது அவருக்கும் இரும்பு வேண்டும். ஆகவே 'தலசீமியா என்றால் இரும்பே கூடாது' என்பதும் பிழை.

கல்யாணத்துக்கு முன் பையனும் பெண்ணும் இதைப் பார்த்துக்கொள்வது சாதகம் பார்ப்பதைவிட முக்கியம் என்பது எங்கள் அபிப்பிராயம். இருவரும் சுமப்பவர்களானால் பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு கடும் நோய் வர வாய்ப்புண்டு.

கர்ப்பிணிகள் கிளினிக்கில் கொடுக்கிற இரும்பு மாத்திரையை இதைச் சொல்லி நிறுத்த வேண்டாம். அங்கே இரத்தம் பார்க்கிறார்கள். கல்சியம் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒரே நேரத்தில் விழுங்காதீர்கள். ஒன்று மற்றதைத் தடுக்கும். தேத்தண்ணியோடு விழுங்கினாலும் இரும்பு உள்ளே போகாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

மக்னீசியம் பற்றியும் கேட்கிறார்கள். உடம்பிலுள்ள மக்னீசியத்தில் நூற்றுக்கு ஒரு பங்குகூட இரத்தத்தில் இல்லை. ரிப்போட் சரியாக இருந்தும் உள்ளே குறைந்திருக்கலாம். பொட்டாசியம் கொடுத்தும் ஏறாதவருக்கு டொக்டர் இதைப் பார்ப்பார். கெண்டைக்கால் பிடிப்புக்காகச் சும்மா வாங்கிக் குடிக்க அவசியமில்லை. தலைமயிரை வெட்டி எடுத்து 'கனிமப் பரிசோதனை' செய்து மாத்திரை விற்கிறவர்களிடம் காசைக் கொடுக்க வேண்டாம்.

கிளினிக் புத்தகத்தோடு பழைய ரிப்போட்டுகளையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வையுங்கள். போன தடவை கிரியட்டினின் என்ன, இந்தத் தடவை என்ன என்று பார்த்தால்தான் கிட்னி போகிற போக்கு டொக்டருக்குத் தெரியும். குடிக்கிற எல்லா மாத்திரையையும், டொனிக் போத்தலையும், நாட்டு மருந்தையும், ஒரு நாளைக்கு எத்தனை தெம்பிலி என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பிரஷர் மாத்திரையோ தண்ணி மாத்திரையோ குடிக்கிறவருக்கு வயிற்றோட்டமோ வாந்தியோ வந்தால் ஜீவனியைத் தொடங்கிவிட்டு, மாத்திரையைத் தொடர்வதா நிறுத்துவதா என்று அன்றைக்கே ஆஸ்பத்திரியில் கேளுங்கள். கிட்னி வருத்தமுள்ளவருக்குக் கால் விழுந்து நெஞ்சு தாறுமாறாக அடித்தாலோ, யாருக்காவது ஆள் தெரியாமல் பேச்சுக் குழம்பினாலோ, வலிப்பு வந்தாலோ, விடியும்வரை பார்த்திருக்காமல் 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம், இராத்திரியிலும் வரும்.